14 கோரிக்கை, ஒரே மனு, "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி: மாநகராட்சி மன்றத்தில் எப்படிப் பேசுவது?

தெருமுனை (கேள்வி)

எங்கள் பகுதிக் குடியிருப்போர் சார்பில் மாநகராட்சி மன்றத்துக்கு ஒரு மனு போனது. நான்கு பக்கம், 14 கோரிக்கைகள், 112 கையெழுத்துகள். "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி பதில் வந்ததோடு சரி. அடுத்த மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச ஆளுக்கு 3 நிமிடம் தருகிறார்கள். பெயர் பதிந்தாயிற்று.

பதினான்கில் முக்கியமானவை நான்கு. மழை விட்ட பிறகும் தெருவின் நடுப்பகுதியில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, கடைசியாகத் தார் போட்டதிலிருந்து இது அதிகம். தெருவிளக்குகள் அங்கங்கே எரிவதில்லை. பள்ளிக்கூட வாசலில் வண்டிகள் பறக்கின்றன, வேகத்தடை வேண்டும். புதர் மண்டிக் கிடக்கும் பொது நிலத்தில் பிள்ளைகளுக்கு விளையாட இடம் வேண்டும்.

3 நிமிடத்தில் எதைப் பேசுவது, எதை விடுவது? பொறியாளரிடம் முதலில் போவதா, வார்டு உறுப்பினரிடமா? மனுவைத் திரும்ப எழுதினால் எப்படி எழுத வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோப்புக்கட்டு

மனு ஏன் படுத்துவிட்டது என்பதை முதலில் பாருங்கள். தபால் பிரிவில் மனுவைப் பிரிப்பவர் முதல் பத்தியைப் படித்துவிட்டு ஏதாவது ஒரு பிரிவுக்கு அனுப்பிவிடுவார். முதல் பத்தி மழைநீரைப் பற்றி என்றால் மொத்த மனுவும் வடிகால் பிரிவின் கோப்பு. விளக்கும் வேகத்தடையும் அதன் மூன்றாம் பக்கத்தில் தூங்கும், மின்பிரிவின் கண்ணில் படவே படாது. பதில் எழுத வேண்டியவருக்கோ தன் பிரிவைச் சேராத பதிமூன்று விஷயங்களுக்குப் பதில் சொல்ல அதிகாரம் கிடையாது. "பரிசீலனையில் உள்ளது" என்பதைத் தவிர அவர் வேறு என்ன எழுதுவார்? ஒரு தாளுக்கு ஒரு குறை, ஒரு குறைக்கு ஒரு பிரிவு. 14 என்றால் 14 தாள், 14 ஒப்புகைச் சீட்டு.

அடுத்து, பழுது வேறு, புதுப் பணி வேறு. விளக்கு எரியவில்லை, மூடி உடைந்திருக்கிறது, குழி விழுந்திருக்கிறது என்பவை பழுது. இவற்றுக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒதுக்கீட்டில் ஏற்கெனவே பணம் இருக்கும், மன்றத்தின் தீர்மானம் தேவையில்லை. இவற்றை மன்றத்தில் பேசினால் "புகார் எண்ணில் பதிவு செய்யுங்கள்" என்று திருப்பி அனுப்புவார்கள், அது நியாயமும்கூட. புது வடிகால், சாலையை மட்டம் குறைத்துப் போடுவது, விளையாட்டு இடம் ஆகியவை புதுப் பணி. அளவெடுப்பு, மதிப்பீடு, நிதி ஒதுக்கீடு, டெண்டர் என்று நாலு படி ஏறித்தான் அவை நடக்கும். வேகத்தடை இரண்டிலும் சேராது. செலவு சின்னது, ஆனால் போக்குவரத்துக் காவல், பொறியியல் என இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சாலை யாருடையது என்று பாருங்கள். ஊருக்குள் ஓடும் சாலை எல்லாம் மாநகராட்சியுடையது இல்லை. நெடுஞ்சாலைத் துறையின் சாலையாக இருந்தால் மன்றம் பரிந்துரைதான் செய்ய முடியும்.

புதுப் பணிக்கு நாள்காட்டி முக்கியம். இந்தியாவில் நிதியாண்டு ஏப்ரல் 1, அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் ஜூலை 1. உங்கள் ஊரில் எப்போது தொடங்கினாலும் அதற்கு நான்கைந்து மாதம் முன்பே பொறியியல் பிரிவின் பட்டியலில் உங்கள் தெரு ஏறியிருக்க வேண்டும். பட்ஜெட் கூட்டத்தன்று பேசுவது பந்தி முடிந்த பிறகு இலை போடுவது போல. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989இல் மக்கள் பங்கேற்பு பட்ஜெட்டைத் தொடங்கியபோதும் பகுதிவாரிக் கூட்டங்கள் முதலில், பட்ஜெட் அதற்குப் பின்னால் என்றுதான் வைத்தது.

இனி அந்த 3 நிமிடம். தண்ணீர் தேங்குவதை மட்டும் பேசுங்கள். "வடிகால் கட்டித் தாருங்கள்" என்று கேட்கவே கேட்காதீர்கள். அன்றைக்கு அதைத் தரும் அதிகாரம் அங்கே உட்கார்ந்திருக்கும் யாருக்கும் இல்லை. "இந்தத் தெருவின் மட்ட அளவை எடுத்து அடுத்த கூட்டத்தில் அறிக்கை வைக்கும்படி பொறியியல் பிரிவுக்கு உத்தரவிடுங்கள்" என்று கேளுங்கள். அதை அங்கேயே சொல்லிவிடலாம், ஒதுக்கீடு தேவையில்லை, மறுப்பதற்கும் காரணம் கிடைக்காது. அறிக்கை ஒன்று கோப்பில் வந்துவிட்டால் அடுத்த படி தானாக வரும்.

பொருள்பட்டியலில் இல்லாத விஷயத்தில் தீர்மானம் போடக்கூடாது என்று பல ஊர்களில் விதி உண்டு. கலிஃபோர்னியாவில் 1953ஆம் ஆண்டின் பிரவுன் சட்டம் இதற்காகவே வழக்கமான கூட்டத்தின் பட்டியலை 72 மணி நேரம் முன்பே ஒட்டச் சொல்கிறது. உங்கள் மன்ற விதி என்ன என்று செயலரிடம் கேட்டு, முடிந்தால் பட்டியலிலேயே ஏற்றிவிடுங்கள்.

மட்டக்குழாய்

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் தண்ணீர் ஏன் நிற்கிறது என்று தெரியாமல் மன்றத்தில் நின்றால் "தூர்வாரச் சொல்கிறோம்" என்பார்கள். தூரும் வாருவார்கள், புகாரையும் முடிப்பார்கள். அடுத்த மழைக்கும் தண்ணீர் அங்கேயே நிற்கும்.

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். மழை விட்டதும் அரை மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வடிகாலின் வாயருகே தண்ணீர் நின்று மெதுவாகச் சுழன்று இறங்குகிறது, பக்கத்து வாயில் சட்டென்று இறங்குகிறது என்றால் அந்த வாயிலோ அதற்கு அடுத்த குழாயிலோ வண்டல். எல்லா வாயும் ஒன்றாக நிரம்பி நிற்கிறது, கால்வாயில் நீர் குறைந்த பிறகுதான் தெருவிலும் குறைகிறது என்றால் வடிகால் கால்வாயில் போய்ச் சேரும் வாய் மூழ்கி, நீர் எதிர்த்து ஏறுகிறது. இதற்குத் தெருவில் என்ன செய்தாலும் பயனில்லை. வடிகால் வாய் காய்ந்து கிடக்கிறது, தண்ணீர் பத்தடி தள்ளி நின்று வெயிலில்தான் வற்றுகிறது என்றால் சாலை மட்டம் தப்பு. "தார் போட்டபின் அதிகம்" என்று நீங்கள் எழுதியிருப்பதால் எனக்கு மூன்றாவதில்தான் சந்தேகம்.

எப்படி இது நடக்கிறது? 6 மீட்டர் அகலச் சாலைக்கு நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்கும் 2.5 சதவீதச் சரிவு என்றால் மொத்த இறக்கமே 7.5 செ.மீ. தான். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே 4 அல்லது 5 செ.மீ. போடுகிறார்கள். இரண்டு தடவை போட்டால் 8 முதல் 10 செ.மீ. ஏறிவிடுகிறது. ஓரத்தில் கைவண்டியளவு தார் கூடுதலாகக் கொட்டினாலே குறுக்குச் சரிவு காணாமல் போகும். இன்னொன்று: முன்னும் பின்னும் உள்ள பெரிய சாலைகளை உயர்த்திவிட்டு இந்தத் தெருவைத் தொடாமல் விட்டால், அல்லது குறைவாக உயர்த்தினால், தெரு ஒரு தட்டுப் போல ஆகிவிடும். நடுவில் தண்ணீர் நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

இதை நீங்களே அளக்கலாம். கொத்தனார்கள் வைத்திருக்கும் மட்டக்குழாய் போதும். 12 மீட்டர் நீளத்துக்குத் தெளிவான குழாய், உள்ளே 8 அல்லது 10 மி.மீ. துளை. ஒரு முனையிலிருந்து மெதுவாகத் தண்ணீர் நிரப்புங்கள். குமிழி ஒன்று இருந்தாலும் அளவு பொய். நிரப்பியதும் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்தால் நீர்மட்டம் ஒன்றாக நிற்க வேண்டும், நிற்காவிட்டால் குமிழி இருக்கிறது. பிறகு அசையாத ஒரு புள்ளியிலிருந்து, உதாரணமாகச் சிறுபாலத்தின் மேல் தளத்திலிருந்து, தெருவின் ஓரமாக 10 மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்துப் போங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் தரையிலிருந்து நீர்மட்டம் எத்தனை செ.மீ. என்று இரண்டு முனையிலும் குறித்தால் வித்தியாசமே இறக்கம். 200க்கு 1 சரிவு என்றால் 10 மீட்டருக்கு 5 செ.மீ. இறங்க வேண்டும். முடித்ததும் திரும்பி அளந்துகொண்டே தொடங்கிய இடத்துக்கு வாருங்கள். தொடக்கப் புள்ளியில் 2, 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் எங்கோ தப்பு, திரும்ப எடுக்க வேண்டியதுதான். அந்த எண்களை வரைபடத் தாளில் ஒரு கோடாக வரைந்தால் பள்ளம் எங்கே என்று யாருக்கும் விளங்கும். பொறியாளர் உங்கள் அளவை நம்ப வேண்டியதில்லை. அதைப் பார்த்ததும் தன் கருவியைக் கொண்டுவந்து சரிபார்ப்பார், நமக்கு வேண்டியது அதுதான்.

கூடவே ஒரு கணக்கு. 200 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் என்றால் 1,200 சதுர மீட்டர். மணிக்கு 50 மி.மீ. மழையில் தெருவிலிருந்து மட்டும் நொடிக்குச் சுமார் 15 லிட்டர் ஓடும். இருபுறமும் கூரையும் முற்றமும் தெருவைப் போல இரண்டு மடங்குப் பரப்பு என்று வைத்தால் மொத்தம் 40 லிட்டரைத் தாண்டும். 200க்கு 1 சரிவில் உள்ள 30 செ.மீ. விட்டக் குழாய் சுத்தமாக இருந்தால் நொடிக்கு 65 லிட்டருக்குக் குறையாமல் கொண்டுபோகும். பாதி உயரத்துக்கு வண்டல் சேர்ந்தால் பாதியாகக் குறையாது, மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு, ஏறத்தாழ 25 லிட்டருக்குச் சுருங்கிவிடும். ஆகவே குழாய் சின்னதா, அடைப்பா என்ற சண்டையைத் தொடங்கும் முன் தூர்வாரச் சொல்லிப் பாருங்கள்.

ஒரு விஷயம் கண்டிப்பு. பார்க்கிறேன் பேர்வழி என்று யாரும் மேன்ஹோல் மூடியைத் திறக்கவோ குனிந்து எட்டிப்பார்க்கவோ கூடாது. உள்ளே சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு சுமார் 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) அளவை எட்டினால் மூக்கு அதன் நாற்றத்தை உணர்வதையே நிறுத்திவிடும். நாற்றம் இல்லை, ஆகவே ஆபத்தில்லை என்று நினைப்பவர்தான் விழுகிறார்.

மூன்றாவது கம்பம்

விளக்குக்கு மன்றம் வேண்டாம், ஆனால் "அங்கங்கே எரியவில்லை" என்று எழுதாதீர்கள். எரியாத கம்பங்களின் எண்களை வரிசையாக எழுதுங்கள், எந்த முறையில் அணைந்திருக்கின்றன என்று பாருங்கள். தனியாக ஒன்று அணைந்தால் விளக்கு அல்லது அதற்குள் மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர். மூன்றுக்கு ஒன்று அணைந்திருந்தால் ஒரு ஃபேஸ் போயிருக்கிறது, ஏனென்றால் வரிசை விளக்குகளை மூன்று ஃபேஸிலும் மாற்றி மாற்றிக் கொடுப்பதுதான் வழக்கம். ஒரு கம்பத்திலிருந்து கடைசி வரை இருட்டு என்றால் அங்கே ஒயர் அறுந்திருக்கும். மொத்தத் தெருவும் இருட்டு என்றால் பெட்டியில் ஃபியூஸ், டைமர் அல்லது கான்டாக்டர் (வரிசை முழுவதையும் ஏற்றி அணைக்கும் சுவிட்ச்). பகலில் எரிகிறது என்றால் டைமர் தவறு, அல்லது ஒளி உணரியில் தூசி. இதை எழுதினால் ஏணி வண்டி வேண்டுமா, பெட்டிச் சாவி போதுமா என்று வருகிறவருக்குத் தெரியும், ஒரே தடவையில் முடியும். கம்பத்தில் கை வைத்தால் சுர்ரென்கிறது என்றால் அது புகார் எண் எல்லாம் கேட்கும் விஷயமில்லை. உடனே மின் அவசர எண்ணுக்கு அழையுங்கள், கம்பத்துப் பக்கம் ஆள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகத்தடை விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. "வேகத்தடை வேண்டும்" என்று தீர்வைக் கேட்காமல் வேகத்தைக் காட்டுங்கள். ஓரத்தில் 50 மீட்டர் அளந்து இரண்டு கோடு. ஒருவர் முதல் கோட்டில் கையசைக்க, மற்றவர் கடிகாரம் பிடிக்க வேண்டும். 6 விநாடி என்றால் மணிக்கு 30 கி.மீ., 4.5 என்றால் 40, 3.6 என்றால் 50. பள்ளி தொடங்கும் நேரம், விடும் நேரம், மதியம் என மூன்று வேளையில், முன்வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளாமல் தனியாக வருகிற 100 வண்டிகளை எடுங்கள். வேகத்தை அதிகத்திலிருந்து வரிசைப்படுத்தினால் 15ஆவது எண்தான் போக்குவரத்துப் பொறியாளர்கள் கேட்கும் 85ஆவது சதமானம், அதாவது நூற்றுக்கு 85 வண்டிகள் தாண்டாத வேகம். சராசரியைச் சொன்னால் அவர்களுக்குப் பயன்படாது.

தடையே போட்டாலும் ஓரத்திலிருந்து ஓரம் வரை போட விடாதீர்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் ஓட இடைவெளி விடாவிட்டால் உங்கள் முதல் பிரச்சினை இரண்டாகும். பெயின்ட் அடிக்காத, எச்சரிக்கைப் பலகை இல்லாத தடை இரவில் இருசக்கர வண்டிக்காரரைத் தூக்கி எறியும். ஆம்புலன்ஸ் போகும் வழி என்றால் தடைக்கு அனுமதி கிடைப்பதே கஷ்டம். அப்போது பள்ளி வாசலில் சாலையைக் குறுக்கிப் பாதசாரிக் கடவையை உயர்த்தி அமைக்கக் கேளுங்கள்.

வாசல்படி

கோப்புக்கட்டு வார்டு உறுப்பினரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அங்கேதான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். தன் வார்டுப் பிரச்சினையை எல்லார் முன்னும் முதல் தடவையாகக் கேட்கும் உறுப்பினர் தற்காப்புக்குப் போய்விடுவார். "இது ஏற்கெனவே கவனத்தில் இருக்கிறது" என்று எழுந்து சொன்னால் உங்கள் 3 நிமிடம் முடிந்தது. பேச்சின் நகலை நாலு நாள் முன்பே கொடுங்கள். நீங்கள் பேசி முடித்ததும் அவர் எழுந்து "அறிக்கை கேட்கிறேன்" என்று சொன்னால் அது அவருடைய வெற்றி. இருக்கட்டுமே, தண்ணீர் வடிந்தால் போதாதா?

ஆனால் பொறியாளரைப் பார்க்காமல் உறுப்பினரிடம் போக வேண்டாம். முதலில் அளவு, அப்புறம் பொறியாளருடன் தெருவில் நடந்து ஒரு பார்வை, அப்புறம் உறுப்பினர், கடைசியில் மன்றம். பொறியாளரை மழை நாளில் கூப்பிட்டால் வரமாட்டார், அன்றைக்கு ஊரெல்லாம் அழைப்பு. மழை நின்ற மறுநாள் காலை கூப்பிடுங்கள். சேற்றுக் கறை எந்த உயரத்தில் நின்றது என்று சுவரில் அழியாமல் இருக்கும்.

விளையாட்டு இடத்துக்கு ஒரு வார்த்தை. அந்த நிலம் மனைப்பிரிவு வரைபடத்தில் பொது ஒதுக்கீடா, சாலைக்காக விட்டதா, வடிகால் போகும் வழியா என்று நகரமைப்புப் பிரிவில் வரைபட நகல் வாங்கிப் பாருங்கள். நீர்வழி என்றால் கேட்காதீர்கள், ஊரே மூழ்கும். ஒதுக்கீடு சரியாக இருந்தாலும் கட்டும் செலவை விட, யார் கதவு திறப்பது, யார் தண்ணீர் ஊற்றுவது, ஊஞ்சல் சங்கிலி அறுந்தால் யார் மாற்றுவது என்பதில்தான் கோப்பு நிற்கும். அதற்குப் பதிலைக் கோரிக்கையிலேயே எழுதிக் கொடுங்கள்.

கோப்புக்கட்டு

ஒப்புக்கொள்கிறேன், வரிசை அதுதான். ஒன்று மட்டும்: உறுப்பினரிடம் கொடுத்த நகலிலும் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள்.

தெருமுனை

மிகவும் உதவி. இன்னும் மூன்று. ஏற்கெனவே கொடுத்த இரண்டு விளக்குப் புகார்களை வேலை நடக்காமலே "முடிந்தது" என்று மூடிவிட்டார்கள். புதிதாகப் போடுவதா? படங்களை எப்படிக் கொடுப்பது? 112 கையெழுத்து இருக்கிறதே, அதைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

கோப்புக்கட்டு

புதிதாகப் போடாதீர்கள். புது எண் என்றால் நாள் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும், ஆறு மாதப் பழுது மூன்று நாள் பழுதாகத் தெரியும். பழைய எண்ணையே மறுதிறப்புச் செய்யக் கேளுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் புதுப் புகாரின் முதல் வரியிலேயே பழைய எண்ணையும் மூடிய தேதியையும் எழுதுங்கள்.

படம்: மெசேஜ் செயலிகளில் அனுப்பினால் படத்தோடு இருக்கும் இடக்குறிப்பு அழிந்துவிடும். மூலக் கோப்பை ஆவணமாக அனுப்புங்கள், அல்லது அட்சரேகை, தீர்க்கரேகையைக் கையால் எழுதுங்கள். தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் போதும், அது ஒரு மீட்டர் அளவு. தண்ணீர்ப் படத்தில் ஒரு அளவுகோலும், நகராத அடையாளம் ஒன்றும் இருக்க வேண்டும். வெறும் நீர்ப்பரப்பைப் படமெடுத்தால் அது எந்தத் தெருவும் ஆகலாம்.

பழைய கையெழுத்துகளைப் புது மனுவில் ஒட்டாதீர்கள். அவர்கள் ஒப்புக்கொண்டது 14 கோரிக்கைக்கு. திரும்ப வாங்கும்போது ஒவ்வொரு தாளின் தலையிலும் கோரிக்கை முழுதாக அச்சாகியிருக்கட்டும், வெறும் தாளில் வாங்கியது என்று யாரும் சொல்ல முடியாது. ஒரே வீட்டில் ஐந்து கையெழுத்தை விட ஐந்து கதவெண்ணில் ஐந்து கையெழுத்துக்கு மதிப்பு அதிகம்.

மறந்துவிடும் முன் இன்னொன்று. சாலை போட்ட ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் இருக்கும். அதற்குள் என்றால் ஒப்பந்தக்காரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், புது ஒதுக்கீடே தேவைப்படாது. தகவல் கேட்டு விண்ணப்பியுங்கள் (இந்தியாவில் 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும்). "ஏன் தண்ணீர் நிற்கிறது" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். பணி உத்தரவின் நகல், அளவுப் புத்தகத்தின் (முடித்த வேலையை அளந்து பதியும் ஏடு) நகல், பழைய தாரைச் சுரண்டியதற்கு பில் தொகை கொடுக்கப்பட்டதா என்ற பக்கம், பொறுப்புக் காலம் முடியும் தேதி என்று ஆவணமாகக் கேளுங்கள்.

கூட்டம் முடிந்ததும் நடவடிக்கைக் குறிப்பை வாங்கிப் பாருங்கள். "உறுப்பினர் தெரிவித்தார், பதிவு செய்யப்பட்டது" என்றிருந்தால் ஒன்றும் நடக்காது. "அறிக்கை அளிக்க உத்தரவிடப்பட்டது" என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் குறிப்பு உறுதிசெய்யப்படும் அடுத்த கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் திருத்தம் கேளுங்கள்.

மட்டக்குழாய்

மட்டம் எடுக்கும்போது குழாய்த் தண்ணீரில் ஒரு துளி சாயம் விட்டால் கோடு தெளிவாகத் தெரியும். காலையிலேயே எடுத்துவிடுங்கள். குழாயின் ஒரு பாதி வெயிலிலும் மறு பாதி நிழலிலும் கிடந்தால் சூடான பக்கத்தில் நீர் சற்று உயர்ந்து நிற்கும்.